கேட் அடைத்தால் செத்துப்போகும் சென்சார்

சென்னையில் ஓடி, கைமாறி எங்கள் வீட்டுக்கு வந்த 2014 மாடல் பெட்ரோல் கார். திருநெல்வேலி டவுணுக்குள் ஓட்டினால் மைலேஜ் 10-க்குக் கீழே இறங்கிவிடும். நான்குநேரி, வள்ளியூர் என்று நாற்கரச் சாலையில் விட்டால் பழையபடி 17 கொடுக்கும். டேஷ்போர்டில் செக் என்ஜின் லைட் மஞ்சளாக எரிந்துகொண்டே இருந்தது. புகைச் சோதனையிலும் தேறவில்லை. பிஎஸ்-4 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த பெட்ரோல் காருக்கு, வண்டி நின்றபடி என்ஜின் மட்டும் ஓடும் ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, இது தாண்டிவிட்டது.

முதலில் காட்டிய ஒர்க்‌ஷாப்பில் இன்ஜெக்டர் கிளீனிங், த்ராட்டில் பாடி கிளீனிங், நாலு பிளக், புகையில் இருக்கும் ஆக்ஸிஜனைப் பார்க்கும் ஆக்ஸிஜன் சென்சார் மேலே ஒன்று கீழே ஒன்று என்று பெரிய எஸ்டிமேட் போட்டார்கள். ஸ்கேனர் மாட்டிப் பார்க்கவே இல்லை. எஸ்டிமேட்டைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு வண்டியை எடுத்து வந்துவிட்டேன்.

2013 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-4 கார் என்றால் கோளாறை வண்டியே கண்டுபிடித்துப் பதிந்துவைக்கும் ஓபிடி-2 இருக்கும். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் புளூடூத் அடாப்டரைச் செருகி, போனில் ஆப்பைத் திறந்தால் போதும், என்ன கோளாறு என்று சொல்லும் எரர் கோடு வந்துவிடும். எனக்கு வந்தது பி0135. புகையைச் சுத்தப்படுத்தும் கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் மேல் சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட்டில் கோளாறு என்று அர்த்தம். கவனிக்க: சென்சார் போய்விட்டது என்று அது சொல்லவில்லை. ஃபியூஸ் போனாலும், ஒயரை எலி கடித்தாலும், கனெக்டரில் பச்சை பூத்தாலும் இதே எரர் கோடுதான் வரும்.

இந்தச் சென்சாருக்குள் ஹீட்டர் எதற்கு? உள்ளே இருக்கும் ஜிர்கோனியா என்ற பீங்கான், சுமார் 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் வேலை செய்யும். வேகமாக ஓடும்போது புகைச் சூடே போதும், ஐடிலிங்கில் போதாது. சூடாக இருக்கும் நல்ல சென்சாரின் வோல்டேஜ் 0.1-க்கும் 0.9-க்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். பெட்ரோல் கூடினால் ஏறும், காற்று கூடினால் இறங்கும். அதைப் பார்த்து, என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும். சென்சார் குளிர்ந்துவிட்டால் இசியூவுக்குக் கண் தெரியாது. எதற்கும் இருக்கட்டும் என்று பெட்ரோலைக் கூடுதலாகவே ஊற்றும்.

அப்படியென்றால் டவுணுக்கு ஒரு மைலேஜ், ஹைவேக்கு ஒரு மைலேஜ் என்பதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். போனை மகன் கையில் கொடுத்து, வோல்டேஜ் கிராஃபைப் பார்த்துக்கொண்டே வரச் சொன்னேன். தெருவில் ஊர்ந்தவரை கிராஃப் 0.45-லேயே படுத்துக் கிடந்தது. ரெட்டியார்பட்டி தாண்டி வேகம் பிடித்ததும் மேலும் கீழும் ஆட ஆரம்பித்தது. திரும்பும்போது குலவணிகர்புரம் கேட் அடைத்திருந்தது. வெயிலுக்கு ஏசி வேண்டுமே என்று என்ஜினை அணைக்கவில்லை. ரயில் வருவதற்குள் ஆட்டம் மெதுவாகி, கிராஃப் பழையபடி நேராகிவிட்டது. "எப்பா, செத்துட்டு" என்றான் மகன்.

அப்புறம் மல்டிமீட்டர். ஃபியூஸ் நன்றாக இருந்தது. கனெக்டரைக் கழற்றி, வண்டிப் பக்கத்து ஒயரில் சாவி போட்டுப் பார்த்தால் 12 வோல்ட் வருகிறது. சென்சார் பக்கம் நாலு ஒயர்: வெள்ளை இரண்டும் ஹீட்டர், கறுப்பு சிக்னல், சாம்பல் கிரவுண்ட். வெள்ளை இரண்டிலும் மீட்டர் முனைகளை வைத்தேன். ஹீட்டர் உயிரோடு இருந்தால் சில ஓம்கள் காட்ட வேண்டும். 200 ஓம் ரேஞ்சில் மீட்டரின் இடது ஓரத்தில் வெறும் 1 மட்டும் நின்றது. உள்ளே கம்பி அறுந்துவிட்டது. இனி சந்தேகமில்லை, சென்சார்தான்.

எந்த வண்டிக்கும் பொருந்தும் என்று விற்கும் யுனிவர்சல் சென்சார் விலை குறைவு. ஆனால் ஒயரை வெட்டி ஒட்ட வேண்டும். பல சென்சார்கள் புகையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வெளிக்காற்றை ஒயர் இழைகள் வழியாகத்தான் இழுக்கின்றன. அங்கே ஈயப் பற்று வைத்தால் மூச்சு அடைத்துவிடும். அந்த வம்பே வேண்டாம் என்று, இதே மாடலுக்கான கனெக்டரோடு வருவதை வாங்கினேன்.

கழற்றியது வண்ணார்பேட்டையில் எனக்குப் பழக்கமான மெக்கானிக். "ஆறவச்சுத் திருப்புனா மரை போயிரும் அண்ணாச்சி, சூட்டோடதான் பாக்கணும்" என்று ஐந்து நிமிடம் என்ஜினை ஓடவிட்டு நிறுத்தினார். பழைய சென்சாரின் ஒயரைக் கட்டிங் பிளேயரால் நறுக்கிவிட்டு, 22-ஆம் நம்பர் ரிங் ஸ்பேனரை மேலிருந்து இறக்கினார். ஸ்பேனர் வாலில் ஒரு பைப்பைச் சொருகி அழுத்தினார். அசையவில்லை. துரு எண்ணெய் அடித்து, டீ குடித்துவிட்டு வந்து மறுபடியும் அழுத்தினார். டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். முனை முழுக்கக் கரி. புதுசின் மரையில் கம்பெனியே பசை தடவித் தந்திருந்தது. அந்தப் பசையோ கையழுக்கோ முனையில் படக் கூடாது. முதலில் கையால் மரை ஏற்றி, கடைசியில்தான் ஓப்பன் ஸ்பேனரால் இறுக்கினார்.

எரர் கோடை அழித்துவிட்டு ஐடிலிங்கில் விட்டோம். ஒரு நிமிடத்துக்குள் கிராஃப் ஆடத் தொடங்கியது, நிற்கவே இல்லை. புகைச் சோதனையும் தேறியது. டவுண் மைலேஜ் இப்போது 13 வருகிறது. ரத வீதி நெரிசலில் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

கீழ் சென்சாரை மாற்றவில்லை. கன்வெர்ட்டர் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்ப்பதுதான் அதன் முக்கிய வேலை, அதன் ஹீட்டருக்கு எரர் கோடும் வரவில்லை. வந்தால் பார்த்துக்கொள்ளலாம்.