எதிரி எதுவரை துரத்த வேண்டும்?

கேம்களில் சண்டையை வடிவமைப்பது என் வேலை என்றதும் பலர் மனதில் வருவது வாள் வீச்சும் அடிமேல் அடியாகத் தொடரும் காம்போவும்தான். வேலையில் பாதி அதுதான். ஆனால் பிளேயர் இஷ்டப்படி எங்கும் போகக்கூடிய ஓப்பன் வேர்ல்ட் (திறந்த உலக) கேம்கள் பக்கம் வந்த பிறகு என் நேரத்தை அதிகம் எடுத்துக்கொண்டது வேறொரு கேள்வி. பிளேயர் சண்டையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினால் என்ன நடக்க வேண்டும்?

அறை அறையாக நகரும் கேம்களில் இந்தக் கேள்வி எழுவதே இல்லை. பிளேயர் உள்ளே நுழைவார், பின்னால் கதவு அடைபடும், கடைசி எதிரியும் விழுந்த பிறகுதான் அடுத்த கதவு திறக்கும். எந்தப் பக்கமிருந்து வருவார், தரை எப்படி இருக்கும், கையில் என்ன ஆயுதம் இருக்கும், எல்லாமே டிசைனருக்கு முன்பே தெரியும். அதனால் அந்த ஒரு சண்டையை இழைத்து இழைத்துச் செதுக்கலாம்.

திறந்த உலகில் இவற்றில் ஒன்றுகூட நம் கையில் இல்லை. முகாமுக்கு வடக்கே வாசல் வைத்திருப்போம். பிளேயர் தெற்கே பாறை மேலிருந்து பறந்து இறங்குவார். இல்லையென்றால் குதிரையோடு நடுவில் பாய்வார். அதுவும் இல்லையென்றால் பக்கத்துக் காட்டில் திரியும் கரடியைச் சீண்டி, முகாமுக்குள் இழுத்து வந்து விட்டுவிட்டு, மரத்தின் மேல் ஏறிக்கொள்வார். எங்கிருந்து வேண்டுமானாலும் வரலாம், எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்பதுதான் இந்த வகை கேம்கள் தரும் முதல் வாக்குறுதி. ஆகவே சண்டையின் நடுப்பகுதியைவிட அதன் இரண்டு ஓரங்கள்தான் முக்கியம் என்பது என் உறுதியான எண்ணம். பிளேயர் தூரத்தில் நின்று முகாமைப் பார்க்கும் நேரம் ஒன்று. திரும்பி ஓடும் நேரம் மற்றொன்று.

முதல் ஓரத்தைப் பற்றி நிறையப் பேர் யோசித்திருக்கிறார்கள். 2017-இல் வந்த ‘தி லெஜண்ட் ஆஃப் செல்டா: ப்ரெத் ஆஃப் தி வைல்ட்’ இதில் ஒரு பாடம். அதே ஆண்டு ஜிடிசி என்ற கேம் டெவலப்பர்கள் மாநாட்டில் அதை உருவாக்கியவர்கள் ‘கெமிஸ்ட்ரி எஞ்சின்’ என்ற ஒன்றைப் பற்றி விளக்கினார்கள். பொருள்கள் எப்படி நகர வேண்டும் என்பதை ஃபிசிக்ஸ் எஞ்சின் பார்த்துக்கொள்கிறது. தீ, நீர், காற்று, மின்சாரம் பட்டால் பொருளின் நிலை எப்படி மாற வேண்டும் என்பதை இது பார்த்துக்கொள்கிறது. புல்லில் தீ பற்றினால் மேலெழும் காற்று உண்டாகிறது, அதில் பறந்து மேலே போகலாம். இடி மழையில் உலோக வாளோடு நின்றால் மின்னல் நம்மைத் தாக்கும். அந்த வாளையே எதிரியின் காலடியில் போட்டுவிட்டு ஒதுங்கினால் அவனைத் தாக்கும். இப்படி இருக்கும்போது, முகாமைத் தூரத்திலிருந்து பார்க்கும் பார்வையே மாறிவிடுகிறது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, பீப்பாய் எங்கே இருக்கிறது, பாறையை எங்கிருந்து உருட்டலாம் என்று கண் தேடத் தொடங்கிவிடும். சண்டை அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

அந்த கேமில் ஆயுதங்கள் சீக்கிரம் உடைந்துபோவது பலருக்கு எரிச்சல். எனக்குப் பிடிக்கும். இந்த வாளை இந்தச் சண்டையில் செலவழிக்கலாமா, இல்லை சுற்றிக்கொண்டு போய்விடலாமா என்று ஒவ்வொரு முறையும் யோசிக்க வைக்கிறது. சண்டை போடாமல் போவதும் ஒரு முடிவுதான் என்று அந்த கேம் மதிக்கிறது.

நடுப்பகுதியிலும் திறந்த நிலம் தன் வேலையைக் காட்டும். சமதளத்தில் கச்சிதமாக இருக்கும் வாள் வீச்சு, சரிவில் கீழே நிற்பவனின் தலைக்கு மேலே போய்விடும். பிளேயர் கண்ணுக்கு அது பட்டதுபோலவே இருக்கும், ஆனால் எதிரிக்கு ஒன்றும் ஆகாது. கன்ட்ரோலரைக் கீழே வைக்க வைக்கும் தருணம் அது. அதனால் அடி விழும் பகுதியைச் சரிவுக்கு ஏற்பச் சாய்க்கிறோம், மேலும் கீழும் கொஞ்சம் நீட்டுகிறோம், இடுப்புக்கு மேல் உடலையும் எதிரியை நோக்கித் திருப்புகிறோம். புல் இன்னொரு தலைவலி. ஈட்டி எறிபவன் பின்காலை ஊன்றுவதுதான் ‘இதோ எறியப் போகிறேன்’ என்பதற்கான அறிகுறி என்று வைத்தால், இடுப்பளவு புல்லில் அந்தக் காலே தெரியாது. அறிகுறி தோளுக்கும் கைக்கும் ஏற வேண்டும். பின்னால் சூரியன் இருந்தாலும் நிழலுருவத்திலேயே தெரிய வேண்டும்.

நேரக் கணக்கும் அப்படித்தான். நொடிக்கு 60 ஃப்ரேம், அதாவது 60 படங்கள், ஓடும் கேமில் ஒரு ஃப்ரேம் என்பது ஏறக்குறைய 16.7 மில்லிசெகண்ட். கண்ணால் பார்த்து விரலால் பட்டனை அழுத்த மனிதருக்குச் சராசரியாகக் கால் நொடி பிடிக்கும், அதாவது 15 ஃப்ரேம். கையை ஓங்குவதற்கு அதைவிடக் குறைவாகக் கொடுத்தால் பிளேயர் பார்த்துத் தடுக்க முடியாது, ஊகித்துத்தான் தடுக்க வேண்டும். மூடிய அறையில் எதிரி எப்போதும் கேமராவுக்கு முன்னால் இருப்பான், 15-க்கு மேலே கொஞ்சம் கொடுத்தால் போதும். திறந்த வெளியில் அவன் மரத்துக்குப் பின்னாலிருந்து வருகிறான், கேமராவுக்கு வெளியே இருக்கிறான், குதிரை குறுக்கே நிற்கிறது. தாராளமாகக் கொடுக்க வேண்டும். கேமராவுக்கு வெளியே நிற்பவனுக்கு அடிக்கும் வாய்ப்பே தராமல் இருப்பது நல்லது. தந்தே ஆக வேண்டுமென்றால் அவன் கத்திக்கொண்டு வர வேண்டும்.

சரி, ஓடும் விஷயத்துக்கு வருகிறேன்.

ஒவ்வொரு எதிரிக்கும் ஒரு வீடு உண்டு, அதாவது அவனை எந்த இடத்தில் வைத்தோமோ அந்தப் புள்ளி. அங்கிருந்து எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஒரு எல்லையும் உண்டு. இதற்குக் காரணம் நடைமுறைதான். உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் மெமரியில் ஏறியிருப்பதில்லை. எதிரிகள் துரத்திக்கொண்டே போனால் அவர்கள் நடக்கத் தரை இல்லாத இடம் வரும். பக்கத்து முகாமும் விழித்துக்கொள்ளும். ஊருக்குள் போய் வியாபாரிகளை வெட்டிச் சாய்ப்பார்கள், அவர்களிடமிருந்து பிளேயர் எடுக்க வேண்டிய க்வெஸ்ட் (பணி) அதோடு போய்விடும். ஆக எல்லை வேண்டும். பிரச்சினை, அந்த எல்லையில் எதிரி என்ன செய்கிறான் என்பதில்தான்.

பல பேர் சேர்ந்து ஆடும் ஆன்லைன் கேம்கள் இதற்கு ஒரு தீர்வு வைத்திருக்கின்றன. 2004-இல் வந்த ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’டில் எல்லை தாண்டிய எதிரி திரும்பி ஓடுவான். ஓடும்போது எந்த அடியும் படாது, உயிரும் முழுதாக ஏறிவிடும். ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே உலகில் இருக்கும்போது, யாரும் எல்லையில் நின்று ஏமாற்றி ஜெயிக்கக் கூடாது என்பதற்கு அது நியாயம். தனியாக ஆடும் கேமில் அதையே வைத்தால் கசக்கும். கையில் இருந்த அம்பையெல்லாம் செலவழித்துப் பாதி உயிரைக் குறைத்திருப்பார் பிளேயர். எல்லைக்கு வெளியே ஒரு அடி எடுத்து வைத்ததும் அத்தனையும் வீண்.

நாங்கள் வேலை செய்த ஒரு கேமில் இந்த எல்லையைத் தனி வேலையாக எடுத்துச் செய்தோம். முதல் வடிவத்தில் எதிரி எல்லைக்கு வந்ததும் நின்று, முதுகைக் காட்டித் திரும்பி நடந்தான். பிளேடெஸ்டில், அதாவது ஆட்களை ஆடவைத்துப் பார்க்கும் சோதனையில், எல்லோரும் செய்தது ஒன்றுதான், முதுகில் அம்பு விட்டார்கள். அடி பட்டவன் மறுபடி துரத்துவான், எல்லையில் நிற்பான், திரும்புவான், மறுபடி அம்பு. அதில் ஆட்டமே இல்லை. அப்புறம் எல்லையை ஒரே கோடாக இல்லாமல் ஒரு பட்டையாக மாற்றினோம். பட்டைக்குள் வந்ததும் எதிரி வேகத்தைக் குறைப்பான், கேடயத்தை உயர்த்துவான், பிளேயரைப் பார்த்தபடியே பின்னால் அடியெடுத்து வைப்பான். வில் வைத்திருப்பவன் இரண்டு அம்பு விட்டு மூடுமறைவுக்குப் போவான். அனிமேட்டர் அந்தப் பின்வாங்கும் நடையைப் பலவிதமாகச் செய்து பார்த்துவிட்டு, ஒன்றைத் திரையில் ஓடவிட்டுக் கேட்டார்: “இவன் பயந்து நிக்கல. இதுக்கு மேல வந்து பாருன்னு நிக்கிறான். அப்படித்தானே வேணும்?” அப்படித்தான் வேண்டியிருந்தது. தன் இடத்தைக் காக்கிறவனின் நிற்பு அது.

அதற்குப் பிறகும் ஒன்று உறுத்தியது. நான்கு பேர் துரத்தினால் நான்கு பேரும் ஒரே தூரத்தில் நின்றார்கள். வரிசையாக நிற்பதைப் பார்த்ததும் கண்ணுக்குத் தெரியாத சுவர் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் ஏஐ புரோகிராமர் ஒவ்வொருவனுக்கும் ஒரு பிடிவாத அளவு கொடுத்தார். தலைவன்தான் அதிக தூரம் வருவான், வேட்டை நாய் அதற்கு அடுத்து. புதிதாகச் சேர்ந்த காவல்காரன் சீக்கிரம் நின்று மற்றவர்களைக் கூப்பிடுவான். இதன் பலனை யாரும் எதிர்பார்க்கவில்லை. ஓடும் பிளேயர் பின்னால் கூட்டம் கலைந்துபோய், கடைசியில் தலைவன் மட்டும் தனியாகத் துரத்திக்கொண்டிருப்பான். சிலர் அதைக் கவனித்து, வேண்டுமென்றே ஓடித் தலைவனைத் தனியே பிரித்து, திரும்பி நின்று அடித்தார்கள். ஓட்டம் ஓர் உத்தியாகிவிட்டது. அந்த பிளேடெஸ்டை அடுத்த அறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

திரும்பிப் போகும் எதிரிக்கு உயிர் மறுபடி ஏற வேண்டுமா என்பதில் அணிக்குள் பெரிய வாக்குவாதம். ஓடுவது இவ்வளவு லாபமானால் யார் நின்று சண்டை போடுவார்கள் என்று ஒரு தரப்பு. அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. எல்லையில் எட்டிப் பார்த்து அடித்து ஓடி, அடித்து ஓடி, பொறுமையாலேயே எதையும் ஜெயிக்கலாம் என்றால் சண்டையின் சூடு போய்விடும். ஆனால் அதற்குத் தண்டனையாக எல்லா முகாமையும் தீ வளையம் போட்டு அடைக்க வேண்டும் என்ற யோசனையை நான் கடைசிவரை எதிர்த்தேன். ஓட்டத்துக்கு விலை இருக்கட்டும், தடை வேண்டாம். முகாம் உஷாராகிவிடுகிறது, வாசலில் ஆள் கூடுகிறது, செலவழித்த அம்பு திரும்பி வராது. காயம்பட்டவன் பிளேயர் கண்ணிலிருந்து மறைந்த பிறகுதான் கட்டுப்போட்டுக்கொள்வான், அதுவும் பாதிதான் ஏறும். இந்த விலை போதும் என்று இப்போதும் நினைக்கிறேன்.

2022-இல் வந்த ‘எல்டன் ரிங்’ இதை எவ்வளவு தைரியமாகச் செய்தது! குகைக்கும் கோட்டைக்கும் உள்ளே இருக்கும் பெரிய எதிரிகள் முன்னால் மூடுபனித் திரை உண்டு, உள்ளே போனால் முடித்துவிட்டுத்தான் வர வேண்டும். வெளி நிலத்தில் அப்படியில்லை. திறந்த வெளிக்கு வந்ததும் முதலில் கண்ணில் படுவதே தங்கக் கவசம் போட்ட ஒரு குதிரை வீரன், ட்ரீ சென்டினல். அந்த நேரத்தில் அவனை ஜெயிப்பது மிகக் கடினம். சுற்றிக்கொண்டு போகலாம், ஓடலாம், பலம் சேர்த்துக்கொண்டு பிறகு வரலாம். ஓடலாம் என்பதை டுடோரியல் பெட்டி போட்டுச் சொல்லாமல், ஓட வைத்தே சொல்லிக்கொடுக்கிறான் அவன்.

அவன் பிளேயரோடு சேர்ந்து வளராமல் இருப்பதும் முக்கியம். 2006-இல் வந்த ‘ஆப்லிவியன்’ கேமில் பிளேயரின் லெவல் ஏற ஏற உலகமும் ஏறியது. கடைசியில் வழிப்பறிக் கொள்ளையர்கள்கூட விலையுயர்ந்த கண்ணாடிக் கவசத்தில் வந்து நின்றார்கள். எங்கும் எல்லோரும் நமக்குச் சமம் என்றால் ஓடுவதற்கும் காரணமில்லை, திரும்பி வருவதற்கும் காரணமில்லை. தப்பி ஓடி, வளர்ந்து, அதே இடத்துக்கு வந்து நிற்கும் இன்பத்தை அந்த ஏற்பாடு பறித்துவிட்டது. 2011-இல் வந்த ‘ஸ்கைரிம்’, இடத்துக்கு இடம் குறைந்தபட்ச லெவல் வைத்து அதைப் பெருமளவு சரிசெய்தது.

திரும்பி வரும்போது உலகம் என்ன நினைவு வைத்திருக்கிறது என்பது அடுத்த கேள்வி. 2008-இன் ‘ஃபார் க்ரை 2’வில் சாலையோரச் சாவடியைக் காலி செய்துவிட்டுக் கொஞ்ச தூரம் போய் வந்தால் மறுபடி ஆட்கள் நிரம்பியிருப்பார்கள். தீயும் துப்பாக்கி சிக்கிக்கொள்வதும் அவ்வளவு அருமையாக இருந்த கேமில் அந்த ஒன்றுதான் பலரைச் சலிக்க வைத்தது. 2014-இன் ‘மிடில்-எர்த்: ஷேடோ ஆஃப் மோர்டோர்’ நேரெதிர். நாம் சண்டையை விட்டு ஓடிவந்த எதிரியை மறுபடி சந்தித்தால், நீ ஓடினாயே என்று முகத்துக்கு நேரே சொல்லிக்காட்டுவான். 2015-இன் ‘மெட்டல் கியர் சாலிட் 5: தி ஃபாண்டம் பெயின்’ இன்னும் நுட்பம். தலையில் சுட்டுக்கொண்டே இருந்தால் எதிரிகள் ஹெல்மெட் போடத் தொடங்குவார்கள், இரவிலேயே நுழைந்துகொண்டிருந்தால் இருளில் பார்க்கும் கருவி மாட்டுவார்கள். நம் பழக்கத்தை அவர்கள் கற்றுக்கொள்கிறார்கள்.

நாங்கள் இப்போது அதன் சின்ன வடிவம் ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறோம். பிளேயர் எந்தத் திசையில் தப்பி ஓடினாரோ, அடுத்த முறை அந்தப் பக்கத்தில் ஒரு காவல் கூடும். பாறையிலிருந்து பறந்து வந்தவருக்கு அடுத்த முறை பாறை மேலேயே ஒரு வில்லாளி இருப்பான். இந்த நினைவு எவ்வளவு நேரம் இருக்க வேண்டும் என்பதில் அணிக்குள் உடன்பாடு இல்லை. முகாமைக் கைப்பற்றும்வரை இருக்கட்டும் என்கிறார் லெவல் டிசைனர். அப்படி வைத்தால் அடிக்கடி ஓடும் புதிய பிளேயருக்கு எல்லாப் பக்கமும் அடைத்துக்கொள்ளும், அவருக்குத்தான் வழி அதிகம் தேவை. கேம் நேரத்தில் ஒரு இரவு போனதும் ஒரு காவல் குறையட்டும் என்பது என் பக்கம். கேமின் அடுத்த பில்டில் (பதிப்பில்) இரண்டையும் போட்டு, இதுவரை எங்கள் கேமை ஆடியிராதவர்களை உட்கார வைத்துப் பார்க்கப் போகிறோம்.