266ஆம் பாட்டுக்குப் பின்

முதுகலைத் தமிழ்த்துறையொன்றில் பணியாற்றத் தொடங்கிய சில ஆண்டுகளில், கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பின் மதிப்பீட்டுக்காக ஐந்தாண்டுத் தரவுகளைத் திரட்டும் வேலை நடந்தபோது, மாணவர் முன்னேற்றம் என்ற பகுதி என் பொறுப்பில் வந்தது. வேலைக்குச் சென்றவர் எத்தனை பேர், மேற்படிப்பில் சேர்ந்தவர் எத்தனை பேர், கல்லூரி ஆசிரியர் பணிக்குரிய நெட், செட் முதலிய தகுதித் தேர்வுகளில் தேறியவர் எத்தனை பேர் என்று கேட்கப்பட்ட எண்களையெல்லாம் பழைய மாணவர்களுக்குத் தொலைபேசியில் பேசிப் பேசி நிரப்பினேன். அட்டவணை நிறைவாகவே அமைந்தது. ஆயினும், இரண்டு ஆண்டுகள் சங்க இலக்கியமும் தொல்காப்பியமும் பயின்ற இவர்களில் எத்தனை பேரால் ஒரு பழம்பாட்டைத் தாமாகப் படித்துப் பொருள் காண முடியும் என்பதை அந்த அட்டவணையின் எந்தக் கட்டத்திலும் எழுத இடம் இருக்கவில்லை. எழுத இடம் இருந்திருந்தாலும் என்னிடம் விடை இல்லை.

வேலைவாய்ப்பைக் குறைத்துப் பேச நான் விரும்பவில்லை. எங்கள் வகுப்புகளில் அமர்வோரில் பலர், தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். ஆசிரியர் தேர்வு வாரியத்தின் வழியாக அவர்களில் ஒருவர் முதுகலை ஆசிரியராக அமர்ந்துவிட்டால், அந்த வீட்டின் நிலையே மாறிவிடுகிறது. ஆனால் ஓர் ஆண்டில் காலிப்பணியிட அறிவிப்பு வந்தால் எண்ணிக்கை உயர்வதும், வராவிட்டால் தாழ்வதும் வகுப்பறையில் நடந்தவற்றைக் காட்டும் அளவாகா. அறிவிப்பு வராத ஆண்டில் படித்து முடித்தவர்களுக்கு நாங்கள் குறைவாகக் கற்பித்துவிடவில்லை.

நெட் தேர்வின் இரண்டாம் தாள் நூறு கொள்குறி வினாக்களால் ஆனது. களிற்றியானைநிரை 120, மணிமிடைபவளம் 180, நித்திலக்கோவை 100 என்று அகநானூற்றின் பகுப்பை மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்த ஒருவர், அந்நூலின் ஒரு பாட்டையேனும் முழுமையாகப் படிக்காமலே அதுபற்றிய வினாவுக்கு மதிப்பெண் பெற்றுவிடலாம். அத்தேர்வில் தேறிய மாணவர் ஒருவர் ஆய்வுத் தலைப்புக் குறித்துப் பேச என்னிடம் வந்திருந்தபோது, முன்பின் படிக்காத பாட்டு ஒன்றை மூலத்தை மட்டும் வைத்துப் படிக்கச் சொன்னேன். சொற்களைப் பிரிப்பதிலேயே அவர் நின்றுவிட்டார். அறிவும் உழைப்பும் உடைய மாணவர் அவர். உரையின் துணையின்றி நடக்க அவருக்கு யாரும் கற்றுத்தரவில்லை, அவ்வளவுதான். கற்றுத்தராதவர்களில் நானும் ஒருவன்.

ஆய்வு வெளியீடுகளின் நிலை இன்னும் வருத்தம் தருவது. உயர்கல்வி நிறுவனங்களை நாடளவில் வரிசைப்படுத்தும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை, கட்டுரைகளின் எண்ணிக்கையை ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் ஆகிய தரவுத்தளங்களிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. தமிழில் எழுதப்பட்டுத் தமிழ் ஆய்விதழ்களில் வெளியாகும் கட்டுரைகள் அங்கே பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதில்லை. 2004ஆம் ஆண்டில் செம்மொழியாக அறிவிக்கப்பட்ட ஒரு மொழியின் ஆய்வு, அந்த மொழியிலேயே எழுதப்பட்டதனால் கணக்கில் வராமல் போவதை என்னால் ஏற்க இயலவில்லை.

ஆகவே, படிப்பின் வெற்றியை அறிய எனக்குத் தெரிந்த நேரான வழி ஒன்றே ஒன்று. படித்து முடித்தவரின் முன் பாட்டை வைத்துப் பார்க்க வேண்டும். இதற்குப் புறநானூற்றைப்போல் பொருத்தமான நூல் வேறில்லை என்று நினைக்கிறேன். உ.வே. சாமிநாதையர் 1894இல் அதைப் பழைய உரையோடு பதிப்பித்தார். அந்தப் பழைய உரை 266ஆம் பாட்டோடு நின்றுவிடுகிறது. அடுத்த இரண்டு பாட்டுகள் கிடைக்கவே இல்லை. 269 தொடங்கி இறுதிவரை உள்ள பாட்டுகளுக்குப் பிற்காலத்தவர் உரைகள் உண்டென்றாலும், பழைய உரையாசிரியரின் கை இல்லை. நான்காம் பருவ இறுதியில் மாணவரிடம் முதற்பகுதியிலிருந்து ஒரு பாட்டைப் பழைய உரையோடும், பிற்பகுதியிலிருந்து ஒரு பாட்டை மூலமாக மட்டும் கொடுக்கலாம். முதலாவதில், உரையாசிரியர் எந்தச் சொல்லை எங்கே கொண்டு கூட்டினார், ஏன் அவ்வாறு செய்தார் என்பதை அவர் விளக்க வேண்டும். இரண்டாவதில், சீர்களைச் சொற்களாகப் பிரித்து, எந்த எச்சம் எந்த வினையைக் கொண்டு முடிகிறது என்று முடிபு காட்டி, ஐயமான இடங்களை ஐயம் என்றே குறிக்க வேண்டும். முடிபு காட்டுதலே இவற்றுள் கடினமானது. இருபது அடிக்கு நீளும் அகப்பாட்டு ஒரே வாக்கியமாக ஓடும்போது, எழுவாய் ஓரிடத்திலும் பயனிலை அதற்கு வெகுதூரத்திலும் இருக்கும். பாட்டின் பொருள் தெரிந்ததாக நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளும் இடமும் அதுவே.

இதை நான் வலியுறுத்தக் காரணம் பழம்பெருமை அன்று. குறுந்தொகைக்குப் பேராசிரியரும், அவர் எழுதாது விட்ட இருபது பாட்டுகளுக்கு நச்சினார்க்கினியரும் உரை எழுதினர் என்ற செய்தி மட்டுமே எஞ்சியிருக்கிறது, அவ்வுரைகள் மறைந்துபோயின. 1915இல் சௌரிப்பெருமாள் அரங்கனும், 1937இல் உ.வே.சா.வும் அந்நூலுக்குத் தாமே உரை எழுதிப் பதிப்பிக்க முடிந்தது, துணையின்றிப் படிக்கும் திறன் அவர்களிடம் இருந்ததனால்தான். அந்தத் திறனுக்கு இன்றும் வேலை இருக்கிறது. ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் காட்டப்பட்டிரா. நெடிலைக் காட்டும் காலும் (ா) ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். 'கெடு' என்று சுவடியில் காண்பது கெடுவா, கேடா என்பதை அப்பாட்டின் யாப்பும் இலக்கணமும் பொருளும் அறிந்தவர்தாம் சொல்ல முடியும். சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்திலும் தஞ்சை சரசுவதி மகாலிலும் உள்ள ஏடுகளைப் படமெடுத்து இணையத்தில் ஏற்றக் கருவிகள் உள்ளன. அந்தப் படங்களைப் படிக்க ஆள் வேண்டும்.

இத்தகைய தேர்வு வைத்தால் பலர் தோற்றுப்போவார்கள் என்று உடன் பணியாற்றுவோர் சிலர் அஞ்சுகிறார்கள். அவர்களின் அச்சம் நியாயமானது. இளங்கலையில் வேறு பாடம் பயின்றுவிட்டு ஆர்வத்தோடு தமிழுக்கு வருபவர்களும் உண்டு. பருவத்துக்கு ஏறத்தாழத் தொண்ணூறு வேலைநாள் என்ற கணக்கில் நான்கு பருவங்களுக்குள் அவர்களை அவ்வளவு தூரம் கொண்டுசெல்வது எளிதன்று. ஆனால் நாங்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவந்த வினாக்கள் எத்தகையவை என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சங்ககால மக்களின் வாழ்வியலைத் தொகுத்து எழுதுக என்று நானே வினாத்தாள் அமைத்திருக்கிறேன். அதற்குக் கடையில் விற்கும் துணைநூலே போதும். மாணவர்களும் அதைத்தான் வாங்கினார்கள்.

வரும் பருவத்திலிருந்து சங்க இலக்கியத் தாளின் அகமதிப்பீட்டில் ஒரு பகுதியை இந்த வாய்மொழித் தேர்வுக்கு ஒதுக்கத் துறையில் இசைந்திருக்கிறோம். 269ஆம் பாட்டு முதலாக உள்ளவற்றிலிருந்து சீட்டுக் குலுக்கிப் பாட்டு எடுக்கப்படும். அகராதியைப் பயன்படுத்தலாம், உரை நூல் கூடாது. மூன்று ஆண்டுகளுக்கு மாணவர்களின் விடைகளை ஒலிப்பதிவு செய்து வைக்கவும், முதல் பருவத்தில் அதே மாணவர் எப்படிப் படித்தார் என்பதோடு ஒப்பிடவும் எண்ணியிருக்கிறோம். முதலாமாண்டு மாணவர்களின் பதிவுகளை வரும் திங்கட்கிழமை தொடங்குகிறோம்.