பெருமாள்மலையில் பஸ் நின்றால் கடிக்க ஆள் ரெடி

கொடைக்கானல் போகிற வழியில், பழனி ரோடும் வத்தலக்குண்டு காட் ரோடும் சேருகிற பெருமாள்மலையில் மேகம் இறங்கிவிட்டால், முன்னால் போகும் லாரியின் பின்விளக்குகூடத் தெரியாது. மேலே எங்கேயோ மரம் விழுந்திருக்கிறது என்று தகவல் வரும். பஸ் நிற்கும். டீ ஒரு ரவுண்டு முடிந்ததும் யாராவது ஆரம்பிப்பார்.

"இருபது வருஷமா எஸ்டேட்டுல நடக்கிறாரு, செருப்பு புதுசாவே இருக்கு. எப்படிண்ணே?"

"தெரியலையே."

"தேயிலை!"

பின் சீட்டிலிருந்து பதில் வரும்: "அது நீலகிரியில சொல்ல வேண்டியது தம்பி. தாண்டிக்குடிப் பக்கமெல்லாம் காப்பித் தோட்டம். இங்க தேயும்."

கடி ஜோக்குக்கும் இலக்கணம் உண்டு. மாட்டப்போகும் சொல் கேள்வியில் தலைகாட்டக் கூடாது. விடை ஒரே சொல்லாக இருந்தால் உத்தமம். சொல்லிவிட்டு விளக்கம் கொடுத்தால் ஜோக் அங்கேயே காலி. எல்லாவற்றுக்கும் மேலே, இது காதுக்கான சரக்கு. "மழைக்கு எதுவும் எடுத்துட்டு வரலையா?" "எதுக்கு? ஊரு பேர்லயே கொடை இருக்கே!" பேச்சில் குடையும் கொடைதான் என்பதால் பஸ்ஸில் இது பிய்த்துக்கொண்டு போகும். இதையே 'குடை' என்று சுத்தமாக எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பினால் குரூப்பே மௌன விரதம். 'ஊட்டி விடுவாங்களா' வகையறாவுக்கு மட்டும் சட்டப்படி தடை வேண்டும்.

ஜன்னலோரம் மலைவாழை விற்கிற அக்கா வந்ததும் கடியின் தரம் திடீரென்று 15ஆம் நூற்றாண்டுக்கு உயரும். யாராவது சிலேடைப் புலவர் காளமேகத்தை எடுத்துவிடுவார்:

நஞ்சிருக்கும் தோலுரிக்கும் நாதர்முடி மேலிருக்கும்
வெஞ்சினத்தில் பற்பட்டால் மீளாது...

"யாருப்பா அது, என் பழத்துல நஞ்சு இருக்குங்கறது?"

பாட்டு பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் ஒன்றாகப் பொருந்தும். நஞ்சு என்றால் பாம்புக்கு விஷம், பழத்துக்கு நைந்து கனிந்த பதம். பாம்பு தோலை உரித்துப் போடும், பழத்தின் தோலை நாம் உரிப்போம். சிவன் முடியில் பாம்பு இருக்கும், அபிஷேகத்தின்போது பழமும் இருக்கும். கோபத்தில் பாம்பின் பல் பட்டால் உயிர் மீளாது. வெஞ்சனமாகத் தொட்டுக்கொள்ளும்போது நம் பல் பட்டால் பழம் மீளாது. திண்டுக்கல் பக்கம் தொட்டுக்கொள்வதை இன்றும் வெஞ்சனம் என்பதால் இங்கே அந்த வரிக்கு உரையே வேண்டாம். விருப்பாச்சிப் பழத்தைப் பார்த்தவர்களுக்கு முதல் சொல்லும் புரியும்: தோல் கறுத்துச் சுருங்கினாலும் உள்ளே கெட்டுப்போகாது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகிற பழம் அது. அக்கா சமாதானமாகி, சீப்பு விலையில் மட்டும் சமாதானமாக மாட்டார்.

"இந்தப் பாட்டெல்லாம் இருக்கிற நூல் எங்கண்ணே கிடைக்கும்?"

"கோத்தகிரியில. அங்கதான் கோத்து வெச்சிருக்காங்க."

உண்மையில் தேட வேண்டிய பெயர் 'தனிப்பாடல் திரட்டு'. பழைய இலக்கியம் எதுவானாலும் முதலில் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும், 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம். அங்கே தட்டச்சு செய்த எழுத்து கிடைக்கும், கோப்பும் சிறியது. இல்லாவிட்டால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம், பிறகு இன்டர்நெட் ஆர்க்கைவ். இவை இரண்டிலும் பெரும்பாலும் ஸ்கேன் செய்த பக்கங்கள். கோப்பு நூறு எம்பியைத் தாண்டினாலும் ஆச்சரியமில்லை. ஆர்க்கைவில் தானாக உருவாகும் ஈபப் (மின்நூல்) கோப்பை நம்பி இறங்காதீர்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் ணா, றா, லை எல்லாம் வேறு வடிவம். மெஷின் அதைப் படிக்கும் லட்சணத்தில் காளமேகமே தோற்கிற புதுச் சிலேடைகள் பிறக்கும். அங்கே பிடிஎஃப்பே மேல்.

தேடும்போது பலர் வழுக்குவது சந்தியில். நீங்கள் 'நஞ்சிருக்கும் தோலுரிக்கும்' என்று அடிப்பீர்கள். பழம்பதிப்பில் 'நஞ்சிருக்குந் தோலுரிக்கு நாதர்முடி' என்று இருந்தால் ஒன்றும் வராது. சேர்த்துப் படித்தாலும் மாறாத துண்டாகப் பார்த்து எடுங்கள்: இந்தப் பாட்டுக்குக் கடைசி அடியில் வரும் 'பாம்பாகும்' போதும். ஆர்க்கைவில் தலைப்புகள் பல ஆங்கில எழுத்தில் இருப்பதால் காளமேகத்தின் 'கா'வுக்கு ஒரு ஏ, இரண்டு ஏ, 'மே'வுக்கு ஒரு ஈ, இரண்டு ஈ என்று எல்லாவற்றையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

பழைய பிடிஎஃப்பிலிருந்து பாட்டை நகலெடுத்து ஒட்டினால் கொக்கியும் கோடுமாக வந்தால், அது யூனிகோடு வருவதற்கு முந்தைய எழுத்துரு. மதுரைத் திட்டத்தின் யூனிகோடு பக்கத்திலிருந்து எடுத்தால் சரியாக ஒட்டும். பாட்டு எல்லோருக்கும் பொது. அண்மைக்கால உரை அப்படியல்ல. உரையாசிரியர் இறந்து அறுபது ஆண்டு ஆகியிருக்க வேண்டும், அல்லது நூல் நாட்டுடைமை ஆகியிருக்க வேண்டும்.

இறக்குவதை வத்தலக்குண்டில் சிக்னல் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். ப்ரௌசரில் திறந்து வைத்த பக்கம் இறக்கிய நூல் ஆகாது; மேலே ஏறியதும் ரீலோடு ஆகி வெறும் வெள்ளையைக் காட்டும். ஏரோப்ளேன் மோடில் போட்டு ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு பஸ் ஏறுங்கள்.