லாசிக்ஸ் போட்ட பிறகு

உடம்பில் தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும் மருந்து லாசிக்ஸ். மெடிக்கல் வார்டில் அதைக் கேட்காத நாளே கிடையாது. ஊசியைப் போட்டு முடிக்க இரண்டு நிமிடம் போதும். ஆனால் நர்ஸின் வேலை அதற்கப்புறம்தான் தொடங்குகிறது என்பேன். நீர் எவ்வளவு பிரிந்தது, எங்கே போய்க் கழித்தார், எழுந்தபோது தலை சுற்றியதா என்பதையெல்லாம் ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் பார்க்க முடியாது. பார்க்க வேண்டியது நாம்தான்.

பயிற்சிக்கு வரும் மாணவிகளிடம் முதலில் ஒன்றைச் சொல்வேன்: இந்த மருந்து கை வைப்பது தண்ணீரில் அல்ல, உப்பில். சிறுநீரகம் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டி, ஏறக்குறைய எல்லாவற்றையும் திரும்ப உறிஞ்சிக்கொண்டு, ஒன்றரை லிட்டர் அளவுக்குத்தான் வெளியே விடுகிறது. ஹென்லி வளைவு என்ற இடத்தில் உப்பிலுள்ள சோடியம் ரத்தத்துக்குத் திரும்பும் வழியை ஃபுரோசமைடு, அதாவது லாசிக்ஸில் இருக்கும் மருந்து, அடைத்துவிடும். உப்பு போகும் பக்கமே தண்ணீரும் போகும். கூடவே பொட்டாசியமும் மக்னீசியமும் போய்விடும், தொல்லை அங்கேதான். ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 3.5-க்குக் கீழே நன்றாக இறங்கிவிட்டால் கெண்டைக்கால் இழுக்கும், உடம்பு துவளும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். டிகாக்ஸின் என்ற இதய மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

நுரையீரலில் நீர் கோத்து, படுக்க முடியாமல், ஒரு வாக்கியம்கூட முழுசாகப் பேச முடியாமல் நடுராத்திரியில் வருகிறவரைப் பார்த்தால் யாருக்கும் கை பதறும். அவசரமாக அழுத்தத் தோன்றும். அப்போதும் 40 மில்லிகிராமை இரண்டு நிமிடமாவது எடுத்துத்தான் ஏற்றுவேன். கண் கடிகாரத்தில் இருக்கும். பெரிய டோஸ் என்றால் பம்பில் போட்டு நிமிடத்துக்கு 4 மில்லிகிராமைத் தாண்டாமல் ஓடவிட வேண்டும். வேகமாக ஏறினால் காதில் இரைச்சல் கேட்கும், கேட்கும் திறனே குறையலாம். அமிகாசின் என்ற ஆன்டிபயாட்டிக் ஊசி போய்க்கொண்டிருப்பவருக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல். மேல் பிரஷர் 90-ஐ ஒட்டி இருந்தால் டாக்டரைக் கேட்காமல் போடுவதில்லை.

நரம்பில் போட்டால் ஐந்து நிமிடத்தில் வேலை ஆரம்பித்து, இரண்டு மணி நேரத்தில் அடங்கும். மாத்திரை ஆறு முதல் எட்டு மணி நேரம் இழுக்கும். அதனால்தான் இரண்டாவது வேளையை நாலு மணிக்குள் கொடுத்துவிடச் சொல்கிறோம். ராத்திரி எட்டு மணிக்குக் கொடுத்தால் வயதானவர் இருட்டில் பாத்ரூமுக்கு எழுந்து போவார். பிரஷர் இறங்கிய உடம்பு, ஈரமான தரை. இடுப்பு எலும்பு முறிய வேறென்ன வேண்டும்? டோஸ் கொடுக்கும்போதே கட்டிலுக்குப் பக்கத்தில் யூரின் கேனோ பெட்பேனோ இருக்கிறதா, துணைக்கு ஆள் இருக்கிறாரா என்று பார்ப்பதும் மருந்து கொடுப்பதில் சேர்ந்ததுதான்.

இதயம் பலவீனமான பாட்டி ஒருவர் கால் வீங்கி, மூச்சு இரைத்து மறுபடி மறுபடி அட்மிட் ஆனார். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று யார் கேட்டாலும் “சாப்பிடுறேன் தாயி” என்பார். ஒரு நாள் தலை வாரிவிட்டுக்கொண்டே, “வேலைக்குப் போற அன்னைக்கு எப்படிப் பாட்டி சமாளிக்கிறீங்க?” என்று கேட்டேன். “நூறு நாள் வேலைக்குப் போற அன்னைக்கு அதைப் போட்டா எங்க தாயி ஒதுங்குறது? அங்க ஒரு மறைப்புகூட இல்ல” என்றார். ஒளிக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இல்லை. யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். டாக்டரிடம் பேசி, வேலை நாட்களில் வீடு திரும்பியதும் மத்தியானம் போட்டுக்கொள்ளும்படி மாற்றினோம். பஸ் பயணம், கல்யாண வீடு, சந்தை என்று வெளியே போகும் நாட்களில் மாத்திரையைத் தள்ளிவைக்கும் பெண்கள் ஏராளம். இவர்களைச் சொன்ன பேச்சு கேட்காதவர்கள் என்று கேஸ் ஷீட்டில் எழுதுவது எனக்குக் கோபம் தருகிறது.

அப்புறம் இளநீர். பார்க்க வருகிறவர்கள் கையில் இளநீர் இல்லாமல் வருவது அபூர்வம். அதில் பொட்டாசியம் அதிகம் என்பதால், லாசிக்ஸால் பொட்டாசியம் இறங்கியவருக்கு டாக்டரே குடிக்கச் சொல்லியிருக்கலாம். பக்கத்துக் கட்டிலில் ஆல்டாக்டோன் என்ற இன்னொரு நீர் மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் கிட்னியும் சரியில்லை என்றால் அதே இளநீர் விஷம் மாதிரி. ஆல்டாக்டோன் நீரை வெளியேற்றினாலும் பொட்டாசியத்தை உடம்பிலேயே நிறுத்திவைக்கும். அன்போடு வாங்கி வந்ததைத் தடுக்கச் சங்கடமாக இருக்கும். ஆனாலும் காரணத்தைச் சொன்னால் பெரும்பாலும் புரிந்துகொள்கிறார்கள்.

வார்டில் தினமும் காலையில், நீர் கழித்த பிறகு, சாப்பிடுவதற்கு முன், அதே மெஷினில் எடை பார்க்கிறோம். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் போயிருக்கிறது என்று கணக்கு. வீட்டில் மெஷின் இல்லாதவர்களுக்குக் கணுக்காலுக்கு மேலே கட்டை விரலால் சற்று நேரம் அழுத்தி, குழி விழுகிறதா என்று பார்க்கக் காட்டித்தருவேன். செருப்பு வார் இறுகுகிறதா, மூச்சு முட்டாமல் படுக்கத் தலையணை ஒன்று கூடுதலாகத் தேவைப்படுகிறதா என்றும் கவனிக்கச் சொல்வேன். ஊறுகாய், அப்பளம், கருவாடு வேண்டாம். கால் வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடக் கூடாது, அது மருந்தின் வேலையையும் கெடுக்கும், கிட்னியையும் கெடுக்கும். கடைசியாக ஒன்றை வீட்டுக்காரர்களைத் திருப்பிச் சொல்ல வைத்துத்தான் அனுப்புவேன்: வாந்தியோ பேதியோ வந்தால், வெயில் காலத்தில் சோறு தண்ணீர் இறங்காமல் கிடந்தால், வழக்கம்போல் அந்த மாத்திரையைக் கொடுக்காமல் அன்றைக்கே கூட்டிக்கொண்டு வாருங்கள், அல்லது போன் பண்ணுங்கள்.