ஐயாயிரம் ரூபாய் ரசீது

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் நகர் நலச் சங்கக் கூட்டத்தில் பாதாளச் சாக்கடைப் பேச்சு வந்தது. திட்டம் வந்தால் வீட்டுக்கு இவ்வளவு என்று முன்பணம் கேட்பார்களாம். "வீட்டு வரி கட்டுறோம், தண்ணி வரி கட்டுறோம், இதுக்கும் நாமதான் கட்டணுமா? அரசாங்கம் போடட்டும் சார்" என்றார் மூன்றாவது தெருக்காரர். பாதிப் பேர் தலையாட்டினார்கள். எனக்கு அந்த நேரத்தில் கோர்வையாகப் பேச வரவில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவின் பழைய பைலைத் தேடி எடுத்தேன். அங்கே சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

நான் வளர்ந்தது ஆதம்பாக்கத்தில். அப்போது அது ஆலந்தூர் நகராட்சி. சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது 2011-இல்தான். அரை கிரவுண்டு மனை. முன்பக்கம் கிணறு, பின்பக்கம் செப்டிக் டேங்க், நடுவில் வீடு. காலையில் முதல் குடம் இறைத்ததும் அம்மா குனிந்து முகர்ந்து பார்ப்பாள். வாடை அடித்தால் அதைச் செடிக்கு ஊற்றிவிட்டு மறுபடி இறைப்பாள். மழைக்காலத்தில் தொட்டி நிரம்பி வழியும். லாரிக்காரருக்குச் சொல்லி அனுப்பினால் இரண்டு நாள் கழித்து வருவார். பின்பக்கம் போக வேறு வழி கிடையாது, குழாயை வீட்டுக்குள்ளேதான் இழுத்துக்கொண்டு போக வேண்டும். அன்று எங்கள் வீட்டில் மத்தியானச் சாப்பாடு கிடையாது. ஒருமுறை காலேஜிலிருந்து திரும்பும்போது, காலையில் எங்கள் வீட்டில் உறிஞ்சிய அதே லாரி ஒரு காலிமனை ஓரமாக நின்று வால்வைத் திறந்துவிட்டிருந்ததைப் பார்த்தேன். நாம் காசு கொடுத்து அனுப்பியது நாலு தெரு தள்ளி நம் நிலத்தடி நீருக்கே திரும்பி வருகிறது என்பது அன்றுதான் உறைத்தது.

1996-இல் ஆர்.எஸ். பாரதி நகராட்சித் தலைவரானார். அவர் காலத்தில்தான் பாதாளச் சாக்கடைத் திட்டம் வேகம் பிடித்தது. தெருத்தெருவாகக் கூட்டம், சங்கங்களோடு பேச்சு. வீட்டுக்கு 5,000 ரூபாய் டெபாசிட், வணிகக் கட்டடத்துக்கு 10,000. அதுவும் வேலை தொடங்கும் முன்பே. "குழியே வெட்டலை, அதுக்குள்ள பணமா?" என்று அம்மா கேட்டாள். அப்பா ஓய்வு பெற்றிருந்த சமயம். மூன்று நாள் யோசித்துவிட்டு வங்கியிலிருந்து எடுத்து வந்து கட்டினார். பக்கத்து வீட்டுப் பாட்டி ஒற்றை வளையலை அடகு வைத்துக் கட்டினார். அதை மீட்டாரா என்று நான் கேட்டதே இல்லை. இன்றும் மனதை உறுத்துகிறது.

அந்த டெபாசிட்டை வைத்து மட்டும் ஒரு ஊருக்குச் சாக்கடை போட முடியாது. பெரும்பகுதி கடனாகவும் மானியமாகவும் வந்தது. ஆனால் கடன் கொடுப்பவருக்கு, மக்கள் பணம் ஏற்கனவே வந்து சேர்ந்திருக்கிறது என்பதைவிடப் பெரிய உறுதி என்ன வேண்டும்? 2000-இல் வேலை தொடங்கியது. சுத்திகரிப்பு நிலையத்தைப் பெருங்குடியில் ஒரு தனியார் நிறுவனம் தன் முதலீட்டில் கட்டி, சில வருடம் நடத்தி, பிறகு ஒப்படைப்பது என்று ஏற்பாடு. எவ்வளவு கழிவுநீரைச் சுத்திகரிக்கிறார்களோ அதற்கேற்ப நகராட்சி பணம் கொடுக்க வேண்டும். அந்தப் பணத்துக்கும் சேர்த்துத்தான் வீடுகளிடம் மாதக் கட்டணம்.

மூன்றாவது தெருக்காரருக்கு நான் சொல்ல நினைத்தது இதுதான். தண்ணீருக்கும் சாக்கடைக்கும் பணம் வர மூன்றே வழி: நாம் கட்டும் கட்டணம், நாம் கட்டும் வரி, வெளியிலிருந்து வரும் உதவி. கடன் நாலாவது வழி இல்லை. உலக வங்கி கொடுத்தாலும் சரி, முதலீட்டாளர்களிடம் கடன் பத்திரம் விற்று வாங்கினாலும் சரி, இந்த மூன்றில் ஒன்றிலிருந்துதான் திரும்பக் கட்டியாக வேண்டும்.

கடன் பத்திரம் என்றதும் நினைவுக்கு வருகிறது. சின்ன நகராட்சி தனியாகச் சந்தைக்குப் போனால் யார் நம்பிக் கொடுப்பார்கள்? அதனால் 2002-இல் தமிழ்நாட்டில் பல சிறு உள்ளாட்சிகளை ஒன்றாகச் சேர்த்து, ஒரு கூட்டு நிதி மூலம் சுமார் 30 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வெளியிட்டார்கள். 15 வருடத் தவணை, 9.2 சதவீத வட்டி. அசலில் பாதிக்கு அமெரிக்க அரசின் அப்போதைய வெளிநாட்டு உதவி நிறுவனமான யுஎஸ்எய்ட் உத்தரவாதம் கொடுத்தது. மகளிர் குழுவில் பத்துப் பேர் சேர்ந்து கடன் வாங்குகிறார்களே, அதே கணக்கு. எனக்கு ரொம்பப் பிடித்த யோசனை இது. அதிலும் கடைசியில் தவணை கட்டியது ஊர்க்காரர்கள் பணம்தான்.

இந்தக் கணக்குகளில் எல்லாம் விட்டுப்போகும் ஒரு செலவு இருக்கிறது: பாத்ரூமிலிருந்து தெரு வரைக்குமான குழாய். எங்கள் வீட்டில் பிளம்பர் வந்து ஒரு தொகை சொன்னார், தரையை உடைத்த பிறகு இன்னொரு தொகை சொன்னார். அப்பா சமாளித்தார். வளையல் வைத்த பாட்டி அதற்கப்புறமும் ரொம்ப நாள் இணைப்பு எடுக்காமலே இருந்தார். டெபாசிட் கட்டியவர், தெருவில் குழாயும் போயாயிற்று, ஆனாலும் அவர் வீட்டுக்கு லாரி வந்துகொண்டே இருந்தது. கோடிக்கணக்கில் போட்ட குழாய் அந்தக் கடைசி இருபது அடிக்காகக் காத்திருந்தது. ஏழை வீட்டுக்கு மானியம் கொடுப்பதானால் அந்த இருபது அடிக்குத்தான் முதலில் கொடுக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

அடுத்த கூட்டத்துக்கு அப்பாவின் ரசீதை எடுத்துக்கொண்டு போகிறேன். மடிப்பில் கிழிந்திருக்கிறது, 5,000 என்ற எண் மட்டும் தெளிவாகத் தெரிகிறது. முன்பணத்தைத் தனிக் கணக்கில் வைப்பார்களா, மாதக் கட்டணம் எவ்வளவு, தவணை உண்டா என்று எழுதிக் கேட்கலாம் என்று சொல்லப்போகிறேன். அப்புறம் எங்கள் தெருக் கடைசியில் ஒன்பது லைன் வீடுகள் இருக்கின்றன. எல்லாருக்கும் சேர்த்து இரண்டு கழிப்பறை. வீட்டுக்காரர் வெளியூரில். அங்கே குடியிருப்பவர்கள் யாரும் போன கூட்டத்துக்கு வரவில்லை, நாங்களும் கூப்பிடவில்லை. அவர்களுக்கு யார் கட்டுவது என்பதைத்தான் முதலில் கேட்கப்போகிறேன்.