அந்த ஆர்ட்டரி எந்த செட்டில் இருந்தது?

புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையின் சிஎஸ்எஸ்டியில், அதாவது ஆபரேஷன் கருவிகளைக் கிருமி நீக்கிக் கொடுக்கும் பிரிவில் வேலை பார்க்கிறேன். இந்த வேலைக்கு வந்து 16 வருடம் ஆகிறது. ஆபரேஷன் தியேட்டரில் இருந்து வரும் கத்தரி, ஆர்ட்டரி (ரத்தக்குழாயை இறுக்கிப் பிடிக்கும் இடுக்கி), பார்செப்ஸ் எல்லாவற்றையும் கழுவி, எண்ணி, துணியில் கட்டி, அழுத்த நீராவியில் கிருமி கொல்லும் ஆட்டோகிளேவில் வைத்து எடுப்போம். நோயாளியின் முகம் எங்களுக்குத் தெரியாது, ட்ரேதான் தெரியும். முதலில் சொல்லப்போவது இதற்கு முன் வேலை பார்த்த இடத்தில் நடந்தது.

கடலூர் பக்கத்தில் இருந்து ஒரு அம்மாவைக் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். இரண்டே மாதத்தில் வீட்டு ஆட்களின் பெயர் மறந்து, நடை தள்ளாடி, யாராவது கதவைச் சத்தமாகச் சாத்தினால் கைகால் தூக்கிப்போடும் நிலைக்கு வந்துவிட்டாராம். இதெல்லாம் பிறகு வார்டு சிஸ்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மூளையில் இருந்து துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அந்த செட் வழக்கம்போல எங்களிடம் வந்தது, வழக்கம்போலக் கழுவி 134 டிகிரியில் 4 நிமிடம் ஓட்டி, சூடு பட்டதைக் காட்டும் டேப்பில் கறுப்புக் கோடு விழுந்ததைப் பார்த்து அலமாரியில் வைத்தேன். 11 நாள் கழித்து முடிவு வந்தது. சிஜேடி, அதாவது க்ரூட்ஸ்ஃபெல்ட் யாகோப் நோய். உலகத்தில் எங்கே எடுத்தாலும் வருடத்துக்குப் பத்து லட்சம் பேரில் ஒருவர் இருவருக்கு வருவது, பெரும்பாலும் காரணமே இல்லாமல் தானாக வருவது.

எங்கள் தொழிலில் நம்பிக்கைக்கு ஆதாரம் ஸ்போர் டெஸ்ட். சூட்டை மிகவும் தாங்கும் பாக்டீரியாவின் ஸ்போர் (உறங்கும் வித்து) இருக்கும் சின்னக் குப்பியை சரக்கோடு உள்ளே வைத்து எடுப்போம், அது செத்திருந்தால் மற்றது எதுவும் உயிரோடு இருக்காது என்று கணக்கு. சிஜேடியை உண்டாக்கும் ப்ரியான் அந்தக் கணக்குக்குள்ளேயே வராது, ஏனென்றால் அதற்கு உயிரே இல்லை. டிஎன்ஏ கிடையாது, ஆர்என்ஏ கிடையாது. நம் மூளையில் சாதாரணமாக இருக்கும் ஒரு புரதம் தப்பாக மடிந்துகொண்டு, பக்கத்தில் இருக்கும் நல்ல புரதத்தையும் தன்னைப்போல மடக்கிவிடுகிறது. ஸ்டான்லி ப்ரூசினர் 1982-ல் இதற்கு ப்ரியான் என்று பெயர் வைத்தபோது நிறையப் பேர் ஒத்துக்கொள்ளவில்லை, 1997-ல் அதற்கே நோபல் பரிசு வந்தது. ஸ்டீலில் காய்ந்து ஒட்டிவிட்டால் கழன்று வராது. ஃபார்மலினில் போட்டால் அழியாமல் இன்னும் கெட்டிப்படும். 1970-களில் ஸ்விட்சர்லாந்தில் ஒரு சிஜேடி நோயாளியின் மூளைக்குள் வைத்த எலக்ட்ரோடை ஆல்கஹாலிலும் ஃபார்மால்டிஹைடு ஆவியிலும் சுத்தம் செய்து, இரண்டு இளம் வயது நோயாளிகளுக்கு வைத்தார்கள். இருவருக்கும் அதே நோய் வந்தது. இரண்டு வருடத்துக்கு மேல் கழித்து அதே எலக்ட்ரோடை ஒரு சிம்பன்சிக்கு வைத்துப் பார்த்தபோது 18 மாதத்தில் அதற்கும் வந்தது. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் இல்லை.

அன்று டாக்டர் இறங்கி வந்து கேட்டது ஒரே கேள்வி, எந்த செட்? மூளைச் சதை எடுத்த அந்த பயாப்ஸி செட்டை எடுத்துக் காட்டினேன். இதில் இருக்கும் ஆர்ட்டரி எல்லாம் அன்றைக்கு இருந்ததேதானா என்றார். என்னிடம் பதில் இல்லை. ஒரு செட்டில் ஒன்று குறைந்தால் இன்னொன்றில் இருந்து எடுத்துப் போடுவோம். ட்ரேக்கு நம்பர் இருந்தது, உள்ளே இருக்கும் ஆர்ட்டரிக்கு அடையாளம் கிடையாது. கடைசியில் மூன்று செட்டையும், உதிரிப் பெட்டியையும் சேர்த்துக் கட்டி அழிப்பதற்குக் கொடுத்தோம். அந்த 11 நாளில் வேறு மூளை ஆபரேஷன் நடக்கவில்லை, ஆனால் மற்ற ஆபரேஷன்கள் நடந்தன. பாப்புவா நியூகினியில் இறந்தவர் உடலை உண்ணும் சடங்கால் பரவிய குரு நோயும் ப்ரியானால் வருவதுதான், அது சடங்கு நின்று 40 வருடத்துக்கு மேல் ஆன பிறகும் சிலரிடம் தலைகாட்டியிருக்கிறது. அந்த 11 நாளில் வந்துபோனவர்களை நான் இன்னும் நினைத்துக்கொள்கிறேன். கேஸ் ஷீட்டில் ஆபரேஷனுக்கு நாலு நாள் முன்பே 'சிஜேடி சந்தேகம்' என்று எழுதியிருந்தது. கீழே இருக்கும் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

எங்கள் ஊர் நெல்லிக்குப்பம் பக்கம். அம்மா இன்னும் இரண்டு கறவை மாடு வைத்திருக்கிறார். கரும்பு வெட்டும் காலத்தில் சோகை, மற்ற நாளில் வைக்கோல், தவிடு, கடலைப் புண்ணாக்கு. பிரிட்டனில் செத்த மாட்டின் இறைச்சி, எலும்பை அரைத்து மாட்டுக்கே தீவனமாகக் கொடுத்த கதையைச் சொன்னபோது, "புல்லு திங்கிற ஜீவனுக்கு எலும்பைப் போட்டா அது என்னடா பண்ணும்" என்றார். 1986-ல் அங்கே பித்துப் பிடித்ததுபோல் தடுமாறி விழும் மாடுகளைக் கண்டுபிடித்தார்கள், 'மேட் கவ்' என்ற அந்த நோயும் ப்ரியானால் வருவதுதான், 1988 ஜூலையில் அந்தத் தீவனத்தை மாட்டுக்குப் போடக்கூடாது என்று தடை வந்தது. ஆனால் பன்றி, கோழித் தீவனத்தில் சேர்க்கலாம் என்று விட்டுவிட்டார்கள். அதுவும் மாட்டுத் தீவனமும் ஒரே ஆலையில் அரைபட்டது. தடைக்குப் பிறகு பிறந்த மாடுகளிலேயே 40,000-க்கும் மேல் நோய் வந்தது. எல்லாப் பண்ணை விலங்குக்கும் சேர்த்து 1996-ல் முழுசாக நிறுத்தினார்கள். அதற்குள் மனிதர்களுக்கும் வந்துவிட்டது, அந்த நாட்டில் மட்டும் 178 பேர் இறந்தார்கள். ஆலையில் கலந்ததும் எங்கள் ட்ரேயில் கலந்ததும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது.

இப்போது இருக்கும் இடத்தில் ஒவ்வொரு ஆர்ட்டரியிலும் செட் நம்பர் பொறித்திருக்கிறோம், மூளை ஆபரேஷனுக்கான நியூரோ செட் வேறு எதோடும் கலக்காது. இதற்கு நான் இரண்டு வருடம் மன்றாட வேண்டியிருந்தது.

போன மாதம் ஒரு நாள் காலை ஆறே முக்காலுக்கு வார்டில் இருந்து சிஸ்டர் போன் செய்தார். "அண்ணா, நாளைக்கு ஒரு பிரெய்ன் பயாப்ஸி போட்டிருக்காங்க. ரெண்டு மாசமா ஞாபக மறதியாம், சத்தம் கேட்டா தூக்கிப்போடுது. டாக்டர் இன்னும் ஒண்ணும் எழுதல. எனக்குத்தான் மனசு கேக்கல, அதான் சொல்றேன்."

சரி என்று தனி செட் எடுத்து வைத்தேன். தியேட்டரில் காயவிடாமல் ஈரத்துணியில் சுற்றியே கீழே அனுப்பச் சொன்னேன். லிட்டருக்கு 40 கிராம் காஸ்டிக் சோடா, ஸ்டீல் பேசினில் ஒரு மணி நேரம், அலுமினியப் பாத்திரம் ஆகாது, அரித்துவிடும். அப்புறம் அலசி 121 டிகிரியில் ஒரு மணி நேரம். பிறகு பெட்டியில் போட்டுப் பூட்டி, சாவியை ரிஜிஸ்டரோடு வைத்தேன். 9 நாளில் முடிவு வந்தது, வேறு நோய். பெட்டியைத் திறந்து எண்ணினோம். 42 கருவியும் இருந்தன, எல்லாவற்றிலும் ஒரே நம்பர்.