வெள்ளம் வடிந்த கிணற்றுக்கு எவ்வளவு பிளீச்சிங் பவுடர்?

ஒரு பிடி பிளீச்சிங் பவுடரை அள்ளிக் கிணற்றில் வீசிவிட்டால் தண்ணீர் சுத்தமாகிவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். ஆகாது. தூள் கட்டிகட்டியாக அடியில் போய் உட்காரும். தண்ணீரில் கலந்து கிடக்கும் சேறு இருக்கிற குளோரினையும் தின்றுவிடும்.

முதலில் கலங்கல் போக இறைக்க வேண்டும். உறைக்கிணற்றை ஒரே மூச்சில் வற்றடிக்காதீர்கள். சுற்று மண் ஊறிக் கிடக்கும்போது உள்ளே தண்ணீர் சட்டென்று இறங்கினால், வெளி அழுத்தத்தில் உறை சரியும். பாதி இறைத்து, ஊறவிட்டு, மறுபடி இறையுங்கள். பெட்ரோல் பம்பைக் கிணற்றுக்குள் இறக்கவே கூடாது. அதன் புகை ஆளைக் கொன்றுவிடும். வெள்ளத்தில் மூழ்கிய மின்மோட்டாரை எலக்ட்ரீஷியன் பார்க்காமல் போடாதீர்கள்.

அடுத்து அளவு. விட்டம் × விட்டம் × நீராழம் (எல்லாம் மீட்டரில்) × 785 போட்டால் லிட்டர் கிடைக்கும். 1.2 மீட்டர் விட்டம், 3 மீட்டர் தண்ணீர் என்றால் ஏறத்தாழ 3,400 லிட்டர். வெள்ளத்துக்குப் பிந்தைய முதல் மருந்துக்கு 1,000 லிட்டருக்கு 200 கிராம், அதாவது இந்தக் கிணற்றுக்கு 680 கிராம். 25 சதவீதம் குளோரின் உள்ள தூளுக்கான கணக்கு இது. போன மழைக்குப் பிரித்து, ஈரம் பட்டு இறுகிய பாக்கெட்டில் அந்த வீரியம் இருக்காது, புதிதாக வாங்குங்கள்.

பிளாஸ்டிக் வாளி ஒன்றுக்கு 100 கிராமுக்கு மேல் வேண்டாம். காற்று முதுகுப் பக்கம் வர நின்று, கொஞ்சம் தண்ணீரில் கூழாகக் குழைத்து, பிறகு முக்கால் வாளி நிரப்பிக் கலக்குங்கள். பத்து நிமிடத்தில் சுண்ணாம்பு அடியில் படியும். மேலே நிற்கும் தெளிவை மட்டும் வேறு வாளிக்கு மாற்றுங்கள். வண்டலைக் கிணற்றில் கொட்டினால் தண்ணீர் கடினமாகும். தெளிவு உள்ள வாளியைக் கயிற்றில் கட்டி நீர்மட்டத்துக்குக் கீழே இறக்கி, மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஆட்ட வேண்டும். இந்த ஆட்டலைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கழிவறை கழுவும் ஆசிட் பக்கத்தில்கூட இருக்கக் கூடாது. இரண்டும் கலந்தால் விஷவாயு கிளம்பும்.

குழாய்களைத் திறந்து, குளோரின் வாடை வந்ததும் மூடுங்கள். 12 மணி நேரம் யாரும் தொடக் கூடாது. பிறகு வாடை போகும்வரை இறையுங்கள். அந்தத் தண்ணீரை மீன் குளத்திலோ செடியிலோ விடாதீர்கள்.

அதன்பின் தெளிந்த நீருக்கு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் போதும், இதே முறையில் கரைத்து. ஒரு மணி நேரம் கழித்து எடுக்கலாம். குடிக்க மட்டும் கொதிக்க வைத்தே எடுங்கள். டீசலோ பூச்சிமருந்தோ கலந்திருந்தால் குளோரினாலும் கொதியாலும் போகாது. அந்தக் கிணற்றைக் குடிநீருக்கு விட்டுவிட வேண்டியதுதான்.